வெள்ளிக்கிழமைக் கேரியர்

எங்கள் சந்தில் எந்த வீட்டுப் பாத்திரமும் சாச்சி வீட்டுக்குப் போய் வெறுமையாகத் திரும்பி வந்ததில்லை. என் உம்மா ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பு கொடுத்துவிட்டால், மறுநாள் அந்தக் கிண்ணம் கழுவித் துடைத்து, உள்ளே எதையாவது சுமந்துகொண்டுதான் வரும். இரண்டு முருங்கைக்காய்த் துண்டு இருக்கும், அல்லது கொஞ்சம் சீனி. வீட்டில் ஒன்றுமே இல்லாத ஒரு நாளில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து அனுப்பினார். எலுமிச்சம்பழமும் இல்லாத நாளில் ஓர் இணுக்குக் கறிவேப்பிலை வந்தது.

“எதுக்கு சாச்சி இதெல்லாம்?” என்று கேட்டால், “வெறுஞ்சட்டியக் குடுத்தா, இனி எங்களுக்கும் ஒங்களுக்கும் ஒண்ணுமில்லன்னு சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிரும்லா?” என்பார்.

சின்னம்மாவை நாங்கள் சாச்சி என்று கூப்பிடுவோம். அவர் எனக்குச் சொந்தச் சின்னம்மா இல்லை. தாராவியில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்தவர். இரண்டு குடும்பமும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவை. சந்தில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவர் சாச்சிதான். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதும் தகுதி எனக்கு இல்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இத்தனை வருடம் கழித்து உட்கார்ந்திருக்கிறேன்.

அவருக்கு எதிர் வீட்டில் ஒரு மராட்டி அம்மாள் இருந்தார். தாயி என்று கூப்பிடுவோம். ஒரு கணபதி பண்டிகைக்குத் தாயி ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் கொழுக்கட்டை கொடுத்தார். சாச்சி அதில் ரவை அல்வா வைத்துத் திருப்பினார். தாயிக்கும் ரோஷம் வந்துவிட்டது. அடுத்த நாள் அவல் வந்தது. சாச்சி வட்டிலப்பம் அனுப்பினார். இப்படியே மழைக்காலம் முடிந்து குளிர்காலம் வரும்வரை அந்த ஒரு கிண்ணம் சாக்கடைப் பலகையைத் தாண்டி அங்கும் இங்கும் போய்க்கொண்டே இருந்தது.

“ஒங்க ரெண்டு பேர்ல ஒருத்தி வீடு மாறுற வரைக்கும் இந்தக் கிண்ணத்துக்கு ஓய்வு கெடையாது” என்றார் என் உம்மா.

“ஓய்வு எதுக்கு? கிண்ணம் என்ன பென்சனா வாங்கப் போவுது?” என்றார் சாச்சி.

சாச்சி குட்டையானவர். ஒரு கண் மற்றதைவிடக் கொஞ்சம் சிறியது. அதனால் எப்போதும் சிரிக்கப் போகிறவர் மாதிரியே இருப்பார். குர்ஆன் ஓதுவார், ஆனால் தமிழ் எழுத்து தெரியாது. அவர் கணவரை சாச்சா என்போம். தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். அவருக்கும் எழுதப் படிக்க வராது. ஆனால் அவர்களுடைய ஒரே மகள் பரீதா படித்தாள். அந்தப் படிப்பு சாச்சாவையும் சாச்சியையும் மட்டுமல்ல, எங்கள் சந்தையே அண்ணாந்து பார்க்க வைத்தது.

பரீதாவும் நானும் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்தாவதுவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். நான் அதோடு நின்றேன். மாட்டுங்காவில் ஒரு டிரை கிளீனிங் கடையில் துணிக்குச் சீட்டு எழுதும் வேலை கிடைத்தது. அவள் கல்லூரிக்குப் போனாள். அதற்கும் மேலே போய் ரசாயனம் படித்தாள். எண்பதுகளின் நடுவில் ஒரு நாள், மழை பெய்துகொண்டிருந்தபோது, அவளுடைய பேராசிரியை சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் சந்துக்குள் வந்தார்.

அவர் மாட்டுங்காக்காரர், தமிழ் பேசுகிறவர். வந்த விஷயம் இதுதான். அவர்கள் கல்லூரிக்கும் மேற்கு ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. இங்கிருந்து ஒரு மாணவி ஒரு வருடம் அங்கே போய்ப் படிக்கலாம். அதே வருடம் அங்கிருந்து ஒரு மாணவி இங்கே வந்து படிப்பாள். அந்த வருடத்துக்கு பரீதாவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். செலவெல்லாம் அவர்களுடையது. பெற்றவர்கள் கையெழுத்துப் போட வேண்டும்.

சாச்சா தரையைப் பார்த்துக்கொண்டே, “பொட்டப்புள்ளய கடல் தாண்டி அனுப்பிட்டு நான் ஜமாத்துல எப்பிடித் தல நிமிந்து நிக்க?” என்றார். பேராசிரியை எவ்வளவோ சொன்னார். சாச்சா நிமிரவில்லை. பரீதா மூலையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அடுப்படித் திரைக்குப் பின்னாலிருந்து சாச்சி கேட்டார். “டீச்சரம்மா, எம்புள்ள அங்க போனா, அங்கேருந்து ஒரு புள்ள இங்க வருதுன்னீங்களே, அது நெசந்தானா?”

“நிஜந்தாம்மா. ஒருத்தி போனா ஒருத்தி வருவா. அதான் ஏற்பாடே.”

“அதும் பொட்டப்புள்ளதானா?”

“ஆமாம்.”

“அதுக்கும் உம்மா வாப்பா இருப்பாங்கள்லா?”

“இருப்பா, இல்லாம?”

சாச்சி திரையை விலக்கி வெளியே வந்தார். “கேட்டீங்களா? அவுங்களும் பெத்த புள்ளயத்தான் அனுப்புதாங்க. நம்ம புள்ளய அவுங்க பாத்துக்கிடட்டும். அவுங்க புள்ளய நாம பாத்துக்கிடுவோம். அம்புட்டுத்தானே? கையெழுத்துப் போடுங்க.”

சாச்சா மைப்பெட்டியில் பெருவிரலை வைத்தார். எனக்கு இன்றும் ஆச்சரியமாக இருக்கும். கல்லூரிக்காரர்கள் வருடக்கணக்காகப் பேசிச் செய்த ஏற்பாட்டை சாச்சி ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டார். அவருக்கு அது புதிதாக ஒன்றும் படவில்லை. பாத்திரம் போகிறது, பாத்திரம் வருகிறது.

பேராசிரியை குடையை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். மறுநாள் காலை சாச்சி அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். “ஏளா, இத எப்பிடி வெறுமனே குடுத்தனுப்ப?”

“குடைக்குள்ள என்னத்த சாச்சி வைப்பீங்க?”

நெடுநேரம் யோசித்தார். கடைசியில் அதன் பிடியில் ஒரு முழம் மல்லிகைப்பூவைச் சுற்றிக் கட்டினார். அதை ரயிலில் எடுத்துக்கொண்டு போகப் பரீதா பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

பரீதா போனாள். மூன்று வாரம் கழித்து நீலத்தாளில் கடிதம் வந்தது. சாச்சி அதை என்னிடம் கொண்டு வந்தார். சந்தில் நன்றாகத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. என் தம்பிக்கே ஹிந்திதான் ஓடும். அதனால் வாசிப்பதும் பதில் எழுதுவதும் என் வேலையானது.

பரீதா ஒரு வயதான அம்மாள் வீட்டில் ஓர் அறையில் தங்கியிருந்தாள். அந்த வீட்டில் பன்றி இறைச்சி சமைப்பார்கள். இவள் தயங்கித் தயங்கிச் சொன்னதும், அந்த அம்மாள் கடைக்குப் போய்ப் புதிதாக ஒரு சட்டி வாங்கி வந்து, அதன் பிடியில் சிவப்புத் துணி கட்டி, ‘இது உனக்கு மட்டும், நான்கூடத் தொட மாட்டேன்’ என்று சொன்னாளாம்.

அந்த இடத்தை சாச்சி மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எம்புள்ளைக்கு அவ தனிச்சட்டி வாங்கி வச்சிருக்கா. நாம அவுங்க புள்ளைக்கு என்னளா செஞ்சோம்?”

ஜெர்மனியிலிருந்து வந்த பெண்ணின் பெயர் ஹெல்கா. அவள் மாட்டுங்காவில் ஒரு பெண்கள் விடுதியில் இருந்தாள். என் கடையிலிருந்து இரண்டு தெரு.

“நாளைக்கு வேல முடிஞ்சதும் போயி, வெள்ளிக்கெழம சாப்பாட்டுக்கு வரச் சொல்லிட்டு வா. கையோட கூட்டிட்டு வந்தாலும் சரிதான்.”

நான் சரி என்றேன். என் கூச்சத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கடைக்கு யாராவது ஆங்கிலம் பேசிக்கொண்டு வந்தால் நான் சீட்டையும் பேனாவையும் அவர்கள் பக்கம் தள்ளிவிட்டு சட்டைக் காலரையே பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு விடுதி வாசலில் ஹெல்கா நாலைந்து பெண்களோடு நின்றுகொண்டிருந்தாள். உயரம். வைக்கோல் நிறத்தில் முடி. எல்லாரும் ஆங்கிலத்தில் பேசிச் சிரித்தார்கள். நான் எதிர்ப்பக்க நடைபாதையில் தெருக்கோடிவரை நடந்தேன், திரும்பி நடந்தேன், பிறகு ரயில் பாலம் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

“வெள்ளிக்கெழம அவளுக்குக் கிளாஸ் இருக்காம் சாச்சி.”

முதல் பொய் அதுதான். கூச்சத்தால் சொன்னது என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழு உண்மை அது இல்லை. அந்தப் பெண் எங்கள் சந்துக்குள் வருவதை நான் நினைத்துப் பார்த்திருந்தேன். சாக்கடைமேல் போட்ட பலகை, குழாயடியில் வரிசையாக நிற்கும் வாளிகள், பட்டறைத் தோலின் வாடை. எங்கள் வீட்டைப் பார்த்து நானே வெட்கப்பட்டேன். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் விமானம் ஏறிவிட்டாள். அவள் கடிதத்தை வாசிக்கிற வாயாக, அவள் வீட்டு ஏவலைச் செய்கிற காலாக நான் ஆகிவிட்டேன் என்று எனக்கு எரிச்சல்.

“வர முடியலன்னா என்ன, சோறு போவட்டும்” என்றார் சாச்சி.

அந்த வெள்ளிக்கிழமை மூன்றடுக்கு டிபன் கேரியர் என் கைக்கு வந்தது. கீழடுக்கில் நெய்ச்சோறு, நடுவில் தாளிச்சா, மேலே ஏதாவது இனிப்பு. சூடு ஆறாமல் இருக்கத் துண்டு சுற்றியிருந்தது. மதியம் கடையில் சாப்பாட்டு நேரத்தில் விடுதிக்கு எடுத்துப் போனேன். இந்தத் தடவை வாசல்வரை போய்விட்டேன். காவல்காரர் ஒரு பெரிய நோட்டுப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். வருகிறவர் பெயர், எங்கிருந்து வருகிறார், யாரைப் பார்க்க. எல்லாம் ஆங்கிலத்தில் கட்டம் போட்டிருந்தது. எனக்கு மேலே எழுதியிருந்தவர்கள் தாதர், செம்பூர், பாந்திரா என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தார்கள். எனக்குப் பின்னால் இரண்டு மாணவிகள் காத்து நின்றார்கள். பேனாவைப் பிடித்தேன். தாராவி என்று எழுத என் கை வரவில்லை.

“லிகோ பெஹன், லிகோ” என்று எழுதச் சொல்லி அவசரப்படுத்தினார் காவல்காரர்.

“தப்பான இடம்” என்று ஹிந்தியில் முணுமுணுத்துவிட்டுத் திரும்பி நடந்தேன்.

சோற்றைக் கொட்ட மனம் வரவில்லை. கடையின் பின்பக்கம் இஸ்திரி போடும் கலீம் பாயும் அவர் தம்பியும் இருந்தார்கள். உத்தரப் பிரதேசத்துக்காரர்கள். அவர்களிடம் கொடுத்தேன். கொஞ்சம் நானும் தின்றேன். கலீம் பாய் விரலைச் சூப்பிக்கொண்டே, இதைச் சமைத்த கைக்கு அல்லா நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும் என்றார். கடைக் குழாயில் கேரியரைக் கழுவி எடுத்துப் போனேன்.

சாச்சி வாங்கி, என் எதிரிலேயே ஒவ்வோர் அடுக்காகத் திறந்தார். ஒன்றும் இல்லை. முகம் ஒரு கணம் விழுந்தது. “அவுங்க ஊர்ல வழக்கமில்லபோல. பாவம், அதுக்கு என்ன தெரியும்?” என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அந்த முகத்தைப் பார்க்க முடியாமல்தான் அடுத்த வாரம் நான் நாலு ஆரஞ்சு வாங்கி மேலடுக்கில் வைத்தேன்.

சாச்சி திறந்தார். அந்தச் சிறிய கண் முழுசாக விரிந்தது. “ஏங்க, இங்க வாங்க! அந்தப் புள்ள என்ன வச்சிருக்குன்னு பாருங்க!” நாலு ஆரஞ்சையும் சுளை சுளையாகப் பிரித்துச் சந்து முழுக்கக் கொடுத்தார். தாயிக்கு ஒன்று. என் உம்மாவுக்கு ஒன்று. “ஜெர்மன்கார புள்ள குடுத்தது. சின்னப் பொண்ணுதான், ஆனா மொறை தெரிஞ்ச பொண்ணு. நல்ல உம்மா வளத்துருக்கா.”

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கலீம் பாய் சாப்பிட்டார், நான் எதையாவது வாங்கி வைத்தேன். பிஸ்கட், பேரிக்காய், ஒரு வாசனை சோப்பு. சாச்சி அவற்றை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் குணத்தையே கண்டுபிடித்துவிடுவார். “சோப்பு வச்சிருக்கா பாத்தியா? சுத்தக்காரி.” இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் பிஸ்கட் வந்தால், “பாவம், படிப்பு நெருக்குது. கடைக்குப் போவ நேரமில்லபோல” என்பார்.

“காரத்தப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?” என்று ஒரு நாள் கேட்டார்.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “கொஞ்சம் கூடுதலாம்” என்றேன். அடுத்த வாரம் தாளிச்சாவில் மிளகாயே இல்லை. கலீம் பாய் முகத்தைச் சுளித்தார். “க்யா பெஹன், ஆஸ்பத்திரிச் சாப்பாடா இது?” அவருக்காக நான் சாச்சியிடம், “இப்ப சப்புன்னு இருக்காம் சாச்சி” என்றேன்.

சாச்சி கையைத் தட்டிச் சிரித்தார். “பாத்தியா! நாக்கு பழகிட்டு. இனி அது நம்ம புள்ள.”

நான் அதை இன்று நினைத்தால் சிரிப்பு வர வேண்டும். வருவதில்லை.

மாதத்துக்கு ஒரு பதில் எழுதுவோம். “எழுதுளா. வாரா வாரம் அந்தப் புள்ளைக்கு சோறு போவுது, நீ கவலப்படாண்டாம், அந்தச் சட்டி வாங்கின அம்மாட்டயும் இதச் சொல்லு, அப்பிடின்னு எழுது.” அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அந்த வரி வரும்போது குழாயில் தண்ணீர் வராததைப் பற்றியோ சாச்சாவின் இருமலைப் பற்றியோ எழுதிவிடுவேன். எழுதினால் பரீதா ஹெல்காவுக்கு எழுதிக் கேட்பாள், வெளியாகிவிடும்.

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன் சாச்சி.”

விரலால் அந்த வரிகளைத் தடவிப் பார்ப்பார்.

நோன்பு தொடங்கச் சில வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாச்சி வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தோம். வெளியே சந்தில் கூட்டமாகச் சத்தம். எட்டிப் பார்த்தேன். பாதிச் சந்து பின்னால் வர, ஹெல்கா வந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு தாள். சாக்கடைப் பலகைமேல் கையை விரித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே நடந்தாள். பரீதா அவளுக்கு நேராக எழுதியிருக்கிறாள். ‘ஊருக்குத் திரும்பும் முன் என் உம்மாவைப் பார், பருப்புப் பொடி கொடுப்பார், கொண்டு வா’ என்று வீட்டு அடையாளமும் எழுதியிருக்கிறாள்.

சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். பிறகு ஒரு தைரியம். சாச்சிக்கு ஆங்கிலம் தெரியாது. இவளுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம்.

ஹெல்கா வாசலில் செருப்பைக் கழற்றினாள். “அஸ்ஸலாமு அலைக்கும். நான் பரீதாவின் தோழி” என்றாள்.

சுத்தமான ஹிந்தியில் சொன்னாள். வானொலிச் செய்தியில் வருகிற மாதிரி ஹிந்தி. அவள் இந்த ஊருக்கு வந்ததே ஹிந்தி படிக்கத்தானாம். பத்து மாதமாக ஆங்கிலத்துக்குப் பயந்து நான் எதிர்ப்பக்க நடைபாதையில் நடந்தேன். கலீம் பாயிடம் தினமும் பேசுகிற மொழியில் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும்.

“ஆவோ பேட்டா, ஆவோ!” சாச்சி அவளைக் கட்டிக்கொண்டார். சாச்சியின் ஹிந்தி எங்கள் சந்து ஹிந்தி, ஆனால் அதற்குத் தடையே கிடையாது. உட்கார வைத்து, விசிறிக்கொண்டே கேட்டார். “நான் அனுப்பின சோறு பிடிச்சதா? காரம் இப்போது சரியா இருக்கா?”

“எந்தச் சோறு?” என்றாள் ஹெல்கா.

“வெள்ளிக்கிழமைச் சோறு. நீ ஆரஞ்செல்லாம் வச்சு அனுப்பினாயே.”

ஹெல்கா விளங்காமல் சிரித்தாள். “இல்லை அம்மா. எனக்கு யாரும் சோறு அனுப்பவில்லை. இந்த ஊரில் நான் ஒரு வீட்டுக்குள் வருவதே இன்றைக்குத்தான் முதல் தடவை.” குறையாகச் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

சாச்சி ஆணியில் தொங்கிய கேரியரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்தேன்.

“நான் வேற யாரையோ நினைச்சுக்கிட்டேன் பேட்டா. வயசாகுதுல்ல” என்று அவளிடம் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.

ஹெல்கா நன்றாகச் சாப்பிட்டாள். விடுதிப் பருப்பைப் பற்றி, முதல் மாதம் அழுததைப் பற்றி எல்லாம் சொல்லிச் சிரித்தாள். அவள் போகும்வரை சாச்சி என் பக்கம் திரும்பவில்லை. போன பிறகு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். நானாகவே எல்லாவற்றையும் சொன்னேன். கலீம் பாய், நோட்டுப் புத்தகம், ஆரஞ்சு, கடிதத்தில் எழுதாமல் விட்ட வரி. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் கேட்டது வேறு. “எம்புள்ளைக்கு அந்தம்மா தனிச்சட்டி வாங்கி வச்சான்னு நீதானளா படிச்சிச் சொன்ன? அதுவாவது நெசமா?”

கோபமாகக் கேட்கவில்லை. பயந்து கேட்டார்.

“சத்தியமா சாச்சி. அதுல அப்பிடித்தான் எழுதியிருக்கு.” ஓடிப்போய் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்த கடிதங்களை எடுத்து வந்து அந்த இடத்தை விரலால் காட்டினேன். அவர் பார்த்தார். அவருக்கு அது வெறும் நீலத்தாள், கறுப்புக் கோடு. நான் எதைக் காட்டினாலும் அவருக்கு ஒன்றுதான்.

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு எல்லாக் கடிதங்களையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் வீட்டுக்குப் போனார். முதல் கடிதத்திலிருந்து எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். சட்டி உண்மைதான் என்று தெரிந்ததும் டீச்சர் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தாராம். டீச்சர் என் உம்மாவிடம் சொல்லித் தெரிந்தது.

ஹெல்கா ஊருக்குப் போகப் பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் சாச்சியே சோறு கொண்டு போனார். நான் கடையிலிருந்து பார்ப்பேன். நடு வெயிலில், தலையில் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு, கேரியரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றி, குட்டையான உருவம் தெருவைக் கடக்கும். முதல் நாள் நான் பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்கவிட்டிருந்த கோட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

நோட்டுப் புத்தகத்தில் எப்படி எழுதுகிறார் என்று ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். எழுதவே இல்லை. காவல்காரரிடம் தன் பெயரைச் சொன்னார். எங்கிருந்து என்று அவர் கேட்டதும், “தாராவி ஸே” என்று தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார். காவல்காரர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, திரும்பும்போது கடைக்குள் வந்தார். என்னிடம் வரவில்லை. நேரே பின்பக்கம் போய்க் கலீம் பாயிடம் ஒரு சோற்றுப் பொட்டலத்தை நீட்டினார். அன்று வெள்ளிக்கிழமை. “இத்தன மாசம் தின்னு பழகிட்டாங்க. திடீர்னு நிப்பாட்டுனா பாவமில்லா?” என்று என்னைப் பார்க்காமலே தமிழில் சொன்னார். கலீம் பாய்க்கு ஒன்றும் தெரியாது. எழுந்து நின்று சலாம் சொன்னார்.

போகும்போது கேரியரை என் மேஜைமேல் வைத்து முக்காட்டைச் சரிசெய்தார். நான் மெதுவாகத் திறந்து பார்த்தேன். மூன்று அடுக்கும் வெறுமையாக இருந்தன. கழுவக்கூட இல்லை. ஓரத்தில் சோற்றுப்பருக்கை ஒட்டியிருந்தது.

“அதுக்கு வழக்கம் தெரியலளா” என்றார். “வெறுமனேதான் குடுக்குது.” முகம் விழவில்லை. கேரியரை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார்.

பரீதா திரும்பி வந்தாள். சாச்சி அவளிடம் எதையும் சொல்லவில்லை என்று அவள் என்னைக் கட்டிக்கொண்டதிலேயே தெரிந்தது. என் உம்மா கொடுக்கும் கிண்ணங்கள் எப்போதும்போல எதையாவது சுமந்துகொண்டு திரும்பி வந்தன. ஒன்றே ஒன்றுதான் மாறியது. சாச்சி என் கையில் எதையும் கொடுத்து அனுப்புவதில்லை. நான் வாசலில் சும்மா நின்றாலும் என் தம்பியைக் கூப்பிட்டுக் கொடுப்பார். ஒரு பிடி புதினாவைக்கூட.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆகி, கல்யாண் நகருக்குக் குடி போனேன். புறப்படும் அன்று காலை சாச்சி அந்த மூன்றடுக்குக் கேரியரோடு வந்தார். மாப்பிள்ளை வீட்டில் போய்ச் சாப்பிட நெய்ச்சோறு, தாளிச்சா, மேலே வட்டிலப்பம். தம்பி வாங்கக் கையை நீட்டினான். அவர் அவனைத் தாண்டி வந்து என் கையில் வைத்தார்.

“பாத்திரத்தப் பெறவு கொண்டாந்து குடு. அவசரமில்ல.”

நான் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. முதலில் எதை வைத்துக் கொடுப்பது என்று யோசித்தேன். பிறகு யோசித்ததே பழக்கமாகிவிட்டது. சாச்சாவும் சாச்சியும் பரீதாவோடு செம்பூருக்குக் குடி போனார்கள். ஒருமுறை துணிந்து கிளம்பி, காட்கோபர்வரை போனேன். ரயிலில் எதற்கோ மேலடுக்கைத் திறந்தேன். உள்ளே நானே வாங்கி வைத்த நாலு ஆரஞ்சு. கை தானாக அதைத்தான் வாங்கியிருக்கிறது. காட்கோபர் வந்ததும் இறங்கி எதிர் வண்டி பிடித்துத் திரும்பிவிட்டேன்.

சாச்சி மௌத்தான செய்தி வந்தபோது போனேன். வெறுங்கையோடு போனேன். பெண்கள் ஓதிக்கொண்டிருந்த அறையில் பரீதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலை நரைத்திருந்தது. மெதுவாகக் கேட்டாள். “உம்மாவோட கேரியர் உங்கிட்டதானே இருக்கு?”

தலையை மட்டும் ஆட்டினேன்.

“நான் ஒருதடவ கல்யாண் பக்கம் வர வேண்டியிருந்தப்ப, வாங்கிட்டு வரட்டுமான்னு உம்மாட்ட கேட்டேன். கேக்கவே கூடாதுன்னுட்டா. ‘நீ போய்க் கேக்காத. அவளே கொண்டாந்து தருவா’ன்னா.”

யாரோ கூப்பிட, எழுந்து போனாள்.

கேரியர் என் சமையலறைப் பலகையில் இருக்கிறது. இதை எழுதுவதற்கு முன் இறக்கி, மூன்று அடுக்கையும் கழுவித் துடைத்து வைத்தேன். இன்னும் எதையும் வைக்கவில்லை.